உரத்துக்கு முன்னால் வடிகால்: பழமரக் கேள்வி பதில்

மழை இறங்கப்போகிற நேரம் என்றாலே பழமரக் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன: "என்ன உரம் போடலாம்?" எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். உரக்குறை என்று சொல்லக்கூடியது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் தண்ணீர். வேண்டாத நேரத்தில் ஊற்றியது, வடியாமல் நின்றது, பூவில் பட்டது. அதனால் பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணே, மாண்டலேயில் இருக்கும் எங்கள் சித்தப்பா செயின் தலோன் மா ஒட்டுக்கன்று ஒன்று கொடுத்தனுப்பினார். ஐந்து வருடம் ஆகிறது. மரம் கருகருவென்று தழைத்து நிற்கிறது, பூவும் வருகிறது, ஆனால் பூங்கொத்து அப்படியே கறுத்துக் கொட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு நாட்டு மாமரம் காய்த்துத் தள்ளுகிறது. யூரியா போடட்டுமா?
முடோன் வாசகர்

யூரியா வேண்டாம் தம்பி. இதுவரை போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். மரம் கருகருவென்று இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பசி இல்லை.

மாமரம் பூப்பதற்கு முன்னால் கொஞ்ச காலம் சும்மா இருக்க வேண்டும். காற்று குளிர்ந்து, மண் காய்ந்து, துளிர் விடாமல் அடங்கி நின்றால்தான் அடுத்து வரும் மொட்டு பூவாக மாறும். அந்த நேரத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் கிடைத்தால் அது இலையாகவே போய்விடும். செயின் தலோன் வளர்ந்த மாண்டலேப் பக்கம் வறண்ட பூமி. உங்கள் மோல்மேன் வட்டாரத்திலோ வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, மாண்டலேயில் பெய்வது அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்த ஊர்ப் பிள்ளையை இந்த ஊருக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வளராது என்றில்லை, நாம்தான் கொஞ்சம் கூடப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூ கறுப்பது பூஞ்சணத்தால். பறவைக்கண் நோய் என்பார்கள். காய்ந்த சுள்ளிகளில், பழைய பூக்காம்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூ வந்த நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலோ, காலைப் பனி பத்து மணி வரை கொத்தில் தங்கினாலோ பரவிவிடும். ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் இருந்து அவை ஒன்றோடொன்று சேர்ந்து காம்பே கறுத்திருந்தால் இதுதான். வெள்ளை மாவு தூவினது போல இருந்தால் அது சாம்பல் நோய், அதற்கு நனையும் கந்தகம் போதும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? காய் முடிந்த கையோடு, மழை விட்ட ஒரு நாள் பார்த்து, காய்ந்த சுள்ளி எல்லாவற்றையும் வெட்டி எரித்துவிடுங்கள். மரத்தின் நடுவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற கிளைகளையும் எடுங்கள், உள்ளே வெயிலும் காற்றும் போனால் பாதி நோய் போகும். தொழுவுரம் போடுவதென்றால் அப்போதே போட்டு முடித்துவிடுங்கள். ஐப்பசிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகுதான் மறுபடி ஊற்றலாம். பூங்கொத்து தலைகாட்டும்போது, பூ விரிவதற்கு முன்னால், போர்டோ கலவை அடியுங்கள். விரிந்த பிறகு எதையும் அடிக்காதீர்கள், மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதே ஈக்களும் சின்ன வண்டுகளும்தான்.

போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாம். 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தைப் பாதித் தண்ணீரிலும் சுண்ணாம்பை மீதித் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்து வடிகட்டி, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோதான், இரும்பு, அலுமினியம் கூடாது. கலந்ததும் பளபளப்பான ஆணி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இலையைக் கருக்கிவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் இரண்டு பருவம் செய்தும் காய் நிற்கவில்லை என்றால் மரத்தை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு நாட்டு மரத்தில் குச்சி வாங்கி உங்கள் மரத்தின் ஒன்றிரண்டு கிளைகளில் ஒட்டுங்கள். செயின் தலோன் சுவைக்கு ஈடு கிடையாதுதான், ஆனால் மழைக்காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த நாட்டு மரத்தை நம்மவர்கள் ரொம்பக் குறைவாக எடைபோடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

*

பப்பாளி விதை போட்டதில் பாதி மரம் பூவாகத் தொங்குகிறது, ஒரு காய் கூட இல்லை. என்ன குறை?
பெகு வாசகி

குறை ஒன்றும் இல்லை அம்மா, அவை ஆண் மரங்கள். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் ஆண். தண்டோடு ஒட்டி, அடி பருத்து ஒற்றையாகப் பூ இருந்தால் பெண். மகரந்தத்துக்கு ஒரு ஆண் மரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை குழிக்கு மூன்று நாற்றாக நட்டு, பூ வந்ததும் பார்த்து ஒன்றை மட்டும் வையுங்கள். மேட்டில் நடுங்கள். தூரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே பப்பாளி செத்துப்போகும்.

*

எங்கள் அப்பாயி வைத்த மங்குஸ்தான் மரம் இன்னும் காய்க்கிறது. அதன் கொட்டையைப் போட்டால் அதே பழம் வருமா, இல்லை ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டுமா? இன்னொன்று, போன வருடம் பல பழங்களில் சுளை மேல் மஞ்சள் பிசின், சிலதில் சுளை கண்ணாடி மாதிரி. ஒரே கசப்பு.
தட்டோன் வாசகர்

அதே பழம்தான் வரும், தாராளமாகப் போடுங்கள். மங்குஸ்தான் கொட்டை மகரந்தம் சேர்ந்து உண்டாவதில்லை, தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவாகிறது. அதனால் பிள்ளை அப்படியே தாய். மாவுக்கும் ரம்புத்தானுக்கும் ஒட்டு வேண்டும், மங்குஸ்தானுக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒட்டுக்கன்று கொஞ்சம் முந்திக் காய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் மரம் சிறுத்துப்போகும், காயும் குறைவு.

கொட்டையைக் காய வைக்காதீர்கள். பழம் சாப்பிட்ட அன்றோ மறுநாளோ சதையைக் கழுவிவிட்டு மண்ணில் போட்டுவிட வேண்டும், நான்கைந்து நாள் காய்ந்தால் முளைக்காது. பெரிய கொட்டையாகப் பொறுக்குங்கள். இந்த மரத்தின் வேரில் மெல்லிய தூவிகள் கிடையாது, அதனால் தண்ணீரையும் சத்தையும் இழுக்க ரொம்ப நாள் பிடிக்கும், முதல் வருடம் வளர்ந்ததே தெரியாது. ஆழமான பையில் வளர்த்து, ஆணிவேர் மடங்காமல் நட வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் நேர் வெயில் ஆகாது, கிழக்கிலும் மேற்கிலும் வாழை வையுங்கள், நிழலும் ஆச்சு, தாரும் ஆச்சு. காய்க்க எட்டு, பத்து வருடம் ஆகும். உங்கள் அப்பாயி பேரப்பிள்ளைகளை நினைத்து வைத்தது போல நீங்களும் வையுங்கள்.

மஞ்சள் பிசினும் கண்ணாடிச் சுளையும் நோய் இல்லை. பழம் முற்றுகிற நேரத்தில் காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று பெருமழை இறங்கினால், மரம் ஒரேயடியாகத் தண்ணீரை உறிஞ்சி, பழத்துக்குள் இருக்கும் பிசின் குழாய்கள் வெடித்துவிடும். மழையை நிறுத்த முடியாது, ஆனால் மண் ஒரு நாள் எலும்பாகக் காய்ந்தும் மறுநாள் குளமாகவும் இருப்பதைத் தடுக்கலாம். சித்திரை வெயிலில் தூரைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு வாழைச் சருகு, தென்னை மட்டை எதையாவது மூடாக்காகப் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை அளவாகத் தண்ணீர் விடுங்கள். மழை வந்தால் ஓட வாய்க்கால் இருக்க வேண்டும். கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் கொடுங்கள், பிசின் குறையும்.

அப்புறம், மங்குஸ்தானை உலுக்கி விழவைத்துப் பொறுக்குகிற பழக்கத்தை விடுங்கள். தரையில் அடிபட்ட இடத்தில் தோல் கட்டையாக இறுகி, கையால் பிளக்கவே முடியாது. கையெட்டாத கிளைக்குத் துணிப்பை கட்டிய கொக்கி போதும். பழம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: அடியில் பூ மாதிரி இருக்கிற இதழ்களை எண்ணுங்கள், உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருக்கிற பழத்தில் சுளை சின்னதாகவும் பெரும்பாலும் கொட்டை இல்லாமலும் இருக்கும்.

*

டுரியான் மரத்தின் அடியில் பட்டை ஈரமாகக் கறுத்து, சிவப்பாக நீர் வடிகிறது. உச்சியில் இலை மங்கி உதிர்கிறது. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துத் தாழ்ந்த நிலம். நிறைய எருவும் போட்டுத் தூரில் மண் அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். பூ நேரத்தில் வௌவாலும் வருகிறது. காப்பாற்ற முடியுமா?
மோல்மேன் வாசகர்

ஐயா, கடிதம் முழுக்க நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் பைட்டோப்தோரா என்கிற கிருமியைக் காட்டுகின்றன. டுரியான் வைக்கிற எல்லா நாட்டிலும் மரத்தைக் கொல்லுகிற முதல் எதிரி இதுதான். நீந்திப் போகிற வித்துகள் அதற்கு உண்டு, மண்ணில் தண்ணீர் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். தாழ்ந்த நிலம், தூரில் அணைத்த மண், அதன் மேல் ஈர எரு என்று மூன்றும் சேர்ந்து பட்டையை எப்போதும் நனைத்து வைத்திருக்கின்றன.

மண்வெட்டியை எடுத்து இன்றைக்கே தூரில் அணைத்த மண்ணையும் எருவையும் இழுத்துவிடுங்கள், வேர் பிரிகிற இடம் வெளியே தெரிய வேண்டும். மேல் வேரை வெட்டிவிடாமல் கையால் விலக்குங்கள். அடுத்தது வாய்க்கால். மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, தோட்டத்துக்கு வெளியே வடியவிடுங்கள். வாய்க்கால் வெட்டிவிட்டுத் தண்ணீர் போக வழி இல்லாமல் முடித்துவைப்பவர்களைப் பார்க்கிறேன், அது குட்டை.

பட்டைக்கு வைத்தியம்: மழை இல்லாத நாளில் கூரான கத்தியால் கறுத்த பட்டையை மெல்லச் சீவுங்கள். உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் இருப்பது செத்த பாகம். அது முடிந்து வெளிர் நிறத்தில் ஈரமான நல்ல பட்டை தெரிகிற வரை சீவிவிட்டு, மேலே சொன்ன துத்தமும் சுண்ணாம்பும் கெட்டியாகக் கரைத்துப் பூசுங்கள். சீவிய தூளைக் கீழே விடாமல் சாக்கில் சேர்த்து எரித்துவிட வேண்டும், கத்தியையும் தீயில் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். பெரிய தோட்டக்காரர்கள் பாஸ்போனேட் மருந்தைத் தண்டில் ஊசியாக ஏற்றுகிறார்கள், நல்ல பலன் இருக்கிறது, கிடைத்தால் விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். தரையைத் தொடுகிற கீழ்க் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

அழுகல் தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்த மரத்தின் மேல் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்வேன். மனசு கேட்காது, ஆனாலும் பக்கத்து மரங்களைக் காப்பாற்றுவது முக்கியம். அந்த இடத்தில் புதிதாக வைப்பதென்றால் இடுப்பளவு இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று அடி மேடு போட்டு, மேட்டின் உச்சியில் நடுங்கள். மழை ஊரில் டுரியானைக் குழியில் நடுவதே தப்பு.

வௌவாலை விரட்டவே விரட்டாதீர்கள்! டுரியான் பூ சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் விரியும், ராத்திரியில்தான் மகரந்தம் சேர வேண்டும், விடிவதற்குள் இதழெல்லாம் கொட்டிவிடும். தேன் குடிக்க வருகிற அந்தச் சின்ன வௌவால்தான் உங்களுக்குக் காய் கொடுக்கிறது. வலை கட்டி அவற்றைப் பிடித்தால் பூ நிறைய இருந்தும் காய் இல்லாமல் நிற்பீர்கள்.

*

மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார். வீட்டு மரத்துத் தமரத்தம்பழத்தைச் சாறு பிழிந்து கொடுத்தால் குளிர்ச்சி என்கிறார்கள். பம்பளிமாஸும் விரும்பிச் சாப்பிடுகிறார். தரலாமா?
ரங்கூன் வாசகி

தமரத்தம்பழம் கூடவே கூடாது அம்மா. ஐந்து மூலை நட்சத்திரமாக வெட்டுப்படுகிற அந்தப் புளிப்புப் பழத்தில் ஆக்ஸலேட்டும், நரம்பைத் தாக்கக்கூடிய காரம்பாக்சின் என்ற பொருளும் இருக்கின்றன. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ஒரே ஒரு பழம் சாப்பிட்டு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. சாறு இன்னும் மோசம், நாலைந்து பழம் ஒரு டம்ளரில் போய்விடும். ஏற்கெனவே கொடுத்திருந்து, விடாத விக்கல், வாந்தி, பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், இந்தப் பழம் சாப்பிட்டார் என்று மறக்காமல் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும். "குளிர்ச்சி" என்று சொல்கிற பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பர்மாக்காரர்கள் விரும்பித் தின்கிற தன்யின் கொட்டையும் அப்படித்தான். அது சிறுநீரில் ஊசி ஊசியாகப் படிந்து, நல்ல உடம்புக்காரருக்கே சிறுநீரை அடைத்துவிடும்.

பம்பளிமாஸ் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் சில கொழுப்பு மாத்திரைகளையும் உடம்பில் அளவுக்கு மேல் தேங்க வைக்கும். பொட்டாசியமும் உண்டு, சிறுநீரகம் பழுதானவருக்கு அதையும் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையை எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அதுவரை நிறுத்தி வையுங்கள்.

*

டுரியான் தின்றுவிட்டுச் சாராயம் குடித்தால் உயிர் போகும் என்பது உண்மையா?
தட்டோன் வாசகர்

உயிர் போகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பானில் த்ஸுகுபா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2009ல் வந்தது. மதுவை உடம்பு முறிக்க உதவுகிற நொதி ஒன்றை டுரியான் சாறு வெகுவாக மட்டுப்படுத்துகிறது என்று அதில் கண்டார்கள். அதனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வருவது சும்மா சொன்ன கதை இல்லை. இரண்டையும் சேர்க்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் டுரியானை ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

*

ஒட்டு ரம்புத்தான் என்று சொல்லி விற்றார்கள். ஏழு வருடம் கழித்துப் பூ மட்டும் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
முடோன் வாசகி

விதைக்கன்றைத் தந்துவிட்டார்கள் போலிருக்கிறது அம்மா, அதுவும் ஆண் மரமாக வாய்த்திருக்கிறது. இனி வாங்கும்போது மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு முட்டும், மேலும் கீழும் பட்டை நிறத்தில் வித்தியாசமும் தெரியும். வழவழவென்று ஒரே தண்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். இருக்கிற மரத்தை வெட்ட வேண்டாம், இடுப்பு உயரத்தில் குறைத்து, வருகிற துளிரில் நல்ல மரத்து மொட்டைக் கட்டச் சொல்லுங்கள். வேர் பலமாக இருப்பதால் சீக்கிரம் காய்க்கும்.

*

கொய்யா பழுக்கும் முன்னே உள்ளே புழு. மருந்து அடிக்காமல் வழி உண்டா? சின்ன வீட்டுத் தோட்டம்தான்.
சிரியம் வாசகர்

உண்டு, சின்னத் தோட்டத்துக்கு மருந்து தேவையே இல்லை. பழ ஈ காய் முற்றுகிறபோது தோலைக் குத்தி முட்டை வைக்கும். குத்திய இடம் சின்னப் புள்ளியாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். புழு பழத்தைத் தின்று முடித்துவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, மறுபடி ஈயாகக் கிளம்பும். ஆகவே விழுந்த பழத்தை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், இல்லையென்றால் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைக்குழியில் மேலாகப் போடுவது ஈயை வளர்ப்பதுதான்.

எலுமிச்சை அளவு வந்ததும் காயைத் தாள் பையில் கட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் தாள் ஊறிவிடும், பழைய வேட்டித் துணி நல்லது. துளசி இலையைக் கசக்கிப் போட்ட டப்பாவுக்கு ஆண் ஈ வரும், ஆனால் முட்டை வைக்கிறது பெண் ஈ. டப்பா மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்து வீடுகளிலும் பேசி ஒரே நேரத்தில் எல்லாரும் பொறுக்கினால்தான் தெருவுக்கே விமோசனம்.

*

பலாவில் விரல் நீளப் பிஞ்சுகள் கறுத்துப் பூஞ்சை பிடித்து விழுகின்றன. அமாவாசைப் படையலுக்குப் பலாமுசு கறி வைக்க ஒன்றுகூட மிஞ்சாதோ என்று பயமாக இருக்கிறது.
பெகு வாசகி

மிஞ்சும் அம்மா. விழுவதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், வேலை முடிந்ததும் கறுத்து உதிர்வது அவற்றின் இயல்பு. மெல்லிய காம்பில், வழவழப்பாக, மகரந்தம் படிந்து கிளை நுனிப் பக்கம் இருந்தால் ஆண். தடித்த காம்பில், காம்பு சேருகிற இடத்தில் பச்சை வளையத்தோடு, முள் முளைத்தது போல அடிமரத்தில் இருந்தால் பெண், அதுதான் பழமாகும். விழுந்து பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கிவிடுங்கள், நல்ல பிஞ்சின் மேல் ஒட்டிக் கிடந்தால் அதையும் அழுகவைக்கும்.

கறிக்குப் பெண் பிஞ்சையே பறியுங்கள், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நெருக்கமாக இருந்தால் ஒன்றை விட்டு மற்றதை எடுப்பது மரத்துக்கும் நல்லது. உள்ளே கொட்டை இறுகாத பருவமாக இருக்கட்டும். கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, மஞ்சள் போட்ட மோரில் போட்டுவிட்டால் கறுக்காது.